அட்டையில் ஒரு பெயர்

"அட்டையில என் பேர் வேணும் சார்."

கேட்டே விட்டாள்.

எழுத்தாளர் நிமிர்ந்தார். வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லி வைத்திருந்தார்... எதை வேண்டுமானாலும் கேள், பேரை மட்டும் கேட்காதே என்று.

அலமாரி முழுக்க விருதுக் கேடயங்கள். சமீபத்தில் வந்தவை எல்லாம் அவள் எழுதிய நாவல்களுக்கு.

அவர் குடித்துக்கொண்டே கதையின் எலும்பைச் சொல்வார். சதையும் ரத்தமும் அவள் வைக்க வேண்டும். அச்சாகி வந்தபிறகும் அவர் படிப்பதில்லை. அட்டையில் தன் படம் நன்றாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதோடு சரி.

"என்ன டிகிரி, காலையிலேயே தலை சுத்துதா?"

அவள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் என்பதால் அவர் வைத்த பட்டப்பெயர் அது.

"எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது சார். என் பேரை மட்டும் பார்த்தா அடையாளம் தெரியும். எங்கடி உன் பேருன்னு ஒவ்வொரு புஸ்தகத்தையும் தடவித் தடவித் தேடறாங்க."

"உன் பேரைப் போட்டா பொட்டலம் கட்டத்தான் வாங்குவான். நான்தான் எழுதறேன்னு வெளியில போய்ச் சொல்லு... எவன் நம்புவான்?"

எவனும் நம்ப மாட்டான். அது அவளுக்கும் தெரியும்.

அழைப்பு மணி.

இன்ஸ்பெக்டர். கையில் புது நாவல்.

"உங்க பழைய வீட்டுல இருந்து வர்றேன் சார். உங்க மச்சான் இதைப் படிச்சிட்டு ஸ்டேஷனுக்கு ஓடி வந்தார். கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்கன்னு சொன்னீங்களே, உங்க சம்சாரம்..."

"அவளுக்கென்ன?"

"கதையில புருஷன் பொண்டாட்டியைத் தண்ணித் தொட்டிக்கு அடியில புதைக்கிறான். மூக்குக்கண்ணாடியைக்கூடக் கழட்டாம. இன்னிக்கு உங்க தொட்டியை உடைச்சோம்."

இன்ஸ்பெக்டர் நாவலின் அட்டையைத் தட்டினார்.

"கண்ணாடி இருந்தது சார். அவங்களும் இருந்தாங்க."

போதையில் அவர் சொன்னது கதை என்றல்லவா அவள் நினைத்தாள்? அந்தக் கண்ணாடியைச் சொல்லும்போது அவர் அழுதார். என்ன கற்பனை என்று வியந்து, ஒன்று விடாமல் எழுதினாளே...

எழுத்தாளர் புத்தகத்தைப் பிடுங்கினார். புரட்டினார். முதன்முறையாகத் தன் நாவலைப் படித்தார்.

முகம் வெளுத்தது.

"இதை நான் எழுதல! இவதான் எழுதினா. எல்லாமே இவ எழுதினதுதான். இதோ, அட்டையில இவ பேரையே போட்டுடறேன்..."

கேட்டது கிடைத்துவிட்டது. சுருக்குக் கயிறாக.

இன்ஸ்பெக்டர் திரும்பினார். "நீயாம்மா எழுதின?"

ஆமாம் என்றால் புத்தகம் அவளுடையது. கொலையும் அவள் தலையில். 'கதை சொன்னது அவர்தான்' என்றால்... எவன் நம்புவான்?

இல்லை என்றால் எழுதிய அத்தனையும் என்றைக்கும் அவருடையவை. அம்மா தடவிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"அட்டையில யார் பேர் சார் இருக்கு?"

"இவர் பேர்."

"அப்புறமென்ன... நான் டைப் அடிக்கிற பொண்ணு. எனக்குக் கதையெல்லாம் வராது."

"டிகிரி... அம்மா... உண்மையைச் சொல்லும்மா..."

கும்பிட்டார். அவள் வாசலைத் தாண்டினாள். படியில் நின்று ஒருமுறை திரும்பினாள்.

"அட்டையில உங்க படம் நல்லா விழுந்திருக்கு சார். அடுத்த படத்துல கையில நம்பர் பலகை இருக்கும்... நேராப் பிடிங்க."