பத்துக்குப் பத்து அறையில் ஃபுல் ஃபிரேம்

"உங்களுக்குக் கிராப் கேமராவே போதுங்க..."

சுடலைராஜ் சொல்லி முடிக்கவில்லை. அந்தக் கண்கள் நிமிர்ந்தன. மழைத்துளி தொங்கும் இமைகளுக்குக் கீழே... அப்பப்பா, எத்தனை கோபம்!

"போதும்னு சொல்ல நீ யாரு? என் மூஞ்சில எழுதி ஒட்டிக்கீதா?"

இரண்டாயிரத்து எட்டு, நவம்பர். ராயபுரத்தில் அவனுடைய கேமரா கடைக்கு மழைக்கு ஒதுங்கியவள்தான் செங்கொடி. கண்ணாடிக்குள் இருந்த, முழுக் காட்சியையும் பிடிக்கும் விலை கூடிய ஃபுல் ஃபிரேம் கேமராவைப் பார்த்ததும் மழையை மறந்துவிட்டாள். கம்பெனி வேலையை விட்டு, விசேஷ வீடுகளில் படம் எடுக்கக் கிளம்பியவள். வாடகைக் கேமராவோடு அலைந்து அலுத்துவிட்டது. ஒரு கேமராதான் வாங்க முடியும். தப்பாகிவிட்டால்... மறுபடி அந்தக் கம்பெனி நாற்காலிதான்!

"இல்லைங்க... கிராப்ல படம் பதியுற சென்சார் சின்னது. ஓரத்தை வெட்டிட்டு நடுவை மட்டும் எடுக்கும். தூரத்துல நின்னாலும் மேடையில மாப்பிள்ளை, பொண்ணு முகம் கிட்டத் தெரியும். அதான்..."

"மேடையா? நான் படம் எடுக்குற வூட்ல ஏது மேடை? பத்துக்குப் பத்து ரூமு. அதுல நாப்பது பேரு. பின்னால நவுந்தா செவுரு இடிக்கும். ஓரத்த வெட்டுனா யாரு போவாங்க தெரியுமா? பொண்ணப் பெத்தவங்க!"

அவன் திரும்பிக் கண்ணாடிக்குள் இருந்த ஃபுல் ஃபிரேமைப் பார்த்தான்.

"ஞாயித்துக்கெழம புளியந்தோப்பு ஹவுசிங் போர்டுல கார்குழலின்னு என் தோஸ்துக்கு வளைகாப்பு. ரெண்டையும் எடுத்துகினு வந்து பாரு. அப்பால பேசு!"

கொட்டும் மழையில் இறங்கி நடந்தே விட்டாள்.

அன்று புதன்கிழமை. அதன்பின் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கேமராவை எடுப்பான், துடைப்பான், திரும்ப வைப்பான். சாலையில் நனைந்தபடி யார் போனாலும் கழுத்து தானாகத் திரும்பியது. அவள் கோபம் சுட்டது... அதைவிட அதிகமாகச் சுட்டது அதிலிருந்த நியாயம். வருகிறவர்களின் உடுப்பைப் பார்த்துக் கேமரா காட்டும் பழக்கம் தனக்கு எப்போது வந்தது? நினைக்க நினைக்கக் கூசியது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு கேமராவையும் பையில் போட்டுக்கொண்டு போய் நின்றான்.

"வந்துட்டியா? நெசமாவே வந்துட்டியா!" செங்கொடியின் குரலில் கோபத்தைத் தேடினான். அது இருந்த மாதிரியும் இருந்தது... இல்லாத மாதிரியும் இருந்தது.

உள்ளே கால் வைக்க இடமில்லை. புத்தர் படத்துக்குக் கீழே, கை நிறைய வளையலோடு கார்குழலி. அவன் கிராப் கேமராவில் இருப்பதிலேயே அகலமான லென்ஸை மாட்டிச் சுவரோடு ஒட்டினான். படத்தில் கார்குழலி வந்தாள். அவளுக்குச் சந்தனம் பூசிக்கொண்டிருந்த அம்மா வரவில்லை! பின்னால் நகர்ந்தான். அலமாரி மண்டையில் இடித்தது. நாற்பது பேரும் சிரித்தார்கள்.

முகம் சிவக்க, அதே லென்ஸைக் கழற்றி ஃபுல் ஃபிரேமில் மாட்டிச் செங்கொடியிடம் நீட்டினான். அவள் வாசற்படியில் குந்தினாள். ஒரே கிளிக்.

இருவரும் சின்னத் திரையின் மேல் குனிந்தார்கள். எல்லோரும் இருந்தார்கள். அம்மாவின் கலங்கிய கண்கள் கூட... செங்கொடியின் ஈரக்கூந்தல் அவன் தோளை உரசியது.

வராந்தாவுக்கு வந்ததும் சொன்னான். "தப்பு என் மேலதாங்க. உங்க வேலை என்னன்னு கேட்காம, ஆளைப் பார்த்துச் சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க."

வாதத்துக்குத் தயாராக வந்தவள் அவள். மன்னிப்புக்குத் தயாராக இல்லை. கொடியில் கிடந்த துணிகளை மழை மறுபடி நனைக்கத் தொடங்கியது.

"இன்னொண்ணும் சொல்லிடுறேன்..." கேமராப் பையை மார்போடு அணைத்துக்கொண்டான். "நாலு நாளா நான் நானா இல்ல. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

அவள் கொடியில் நனைந்த துணிகளை ஒவ்வொன்றாக உருவித் தோளில் போட்டாள்.

"வெள்ளிக்கெழம வந்தேன். உன் கடைக்கு எதிர்த்தாப்ல டீக்கடைல நின்னு பாத்துட்டுப் பூட்டேன்."

"வந்தீங்களா! ஏன் உள்ள வரல? கோவமா?"

"கோவம் அன்னிக்கே பூடுச்சு." அவள் மெல்லத் திரும்பினாள். கண்களில் இப்போது வேறு வெளிச்சம். "உள்ள வந்தா கேமராவ வாங்கிடுவேன்... அப்பால உன்னப் பாக்கணும்னா, இன்னா சொல்லிகினு வர்றது?"