எட்டாவது கொக்கி

சனிக்கிழமை மூன்று மணிக்கு ஹில்டா ஸ்ட்ரூட் வழக்கம்போல தேவாலயத்துக்கு வந்தாள். ஒரு கையில் சாவிக்கொத்து, மறு கையில் செவ்வந்திப் பூக்கள். காலையிலிருந்து மூடுபனி விலகவே இல்லை. புல்வெளியில், அந்தக் காலத்தில் குற்றவாளிகளின் காலை மாட்டிவைத்த பழைய தொழுமரமும், குதிரைத் தொட்டியும், பொந்து விழுந்த யூ மரமும் பாதி கரைந்து நின்றன. முப்பது வருடமாக வருவோர் போவோருக்கெல்லாம் அவற்றைக் காட்டிக் கதை சொல்கிறவள் அவள்தான். ஆஷ்கம்ப் கிராமத்தின் வரலாறு வேண்டுமென்றால் ஹில்டாவின் நீல நோட்டைத்தான் கேட்க வேண்டும் என்று ஊரில் சொல்வார்கள்.

உள்ளே பாதிரியார் பெல்லமியும் டாஃப்னி கிரேனும் ஒரு கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“வாங்க மிஸ் ஸ்ட்ரூட்! அச்சகத்துலருந்து இப்பதான் வந்துச்சு,” என்றார் பாதிரியார்.

மெல்லிய புத்தகங்கள். அட்டையில் ‘ஆஷ்கம்ப்: ஊரும் வரலாறும்’ என்று இருந்தது. அதன் கீழே, தடித்த எழுத்தில், டாஃப்னி கிரேன்.

டாஃப்னி ஊருக்கு வந்து முழுசாக நாலு வருடம் ஆகவில்லை.

“கடைசிப் பக்கம் பாருங்க,” என்றாள் டாஃப்னி ஆசையோடு. “உங்க பேரும் இருக்கு.”

நன்றி: மிஸ் எச். ஸ்ட்ரூட், தேவாலயச் சாவி தந்து உதவியதற்கு.

ஹில்டா அந்த வரியை இருமுறை படித்தாள். சிரித்தாள்.

தலைக்கு மேலே, சுவரின் உச்சியில், ஏழு காகிதக் கிரீடங்கள் தொங்கின. இந்த ஊரில் பிறந்து, மணமாகாமல், நல்ல பெயரோடு செத்த பெண்களுக்கு, அடக்கம் செய்கிற நாளில் கட்டித் தொங்கவிடுவது. ஒவ்வொன்றிலும் ஐந்து வெள்ளைக் காகிதக் கையுறைகள், அவற்றில் செத்தவளின் பெயர். மூன்று ஞாயிறு பொறுப்பார்கள். அவள்மேல் குறை உள்ளவர்கள் அதன் கீழே நின்று சொல்லலாம். யாரும் வாய் திறக்கவில்லையென்றால், தானாக உதிர்ந்து விழும்வரை கிரீடம் அங்கேயே இருக்கும்.

எட்டாவது கொக்கி காலி. அறுபத்தாறு வயதான ஹில்டா அதைத் தன்னுடையதாகவே நினைத்திருந்தாள். “என்ன மிஸ் ஸ்ட்ரூட், உங்க கொக்கிக்கு எண்ணெய் போட்டாச்சா?” என்று கசாப்புக்கடை ரெஜ்கூடச் சீண்டுவான். அவளுக்கு அதில் கோபம் வந்ததே இல்லை.

“அந்தக் கொக்கிக்கும் ஆள் இருந்துச்சு, தெரியுமா?” என்றாள் டாஃப்னி. “தோமசின் கேல்னு ஒரு பொண்ணு. இருபது வயசு. பழைய பதிவேட்டுல ரெண்டு தாள் ஒட்டிக் கிடந்துச்சு, மெதுவா பிரிச்சுப் பாத்தேன். ரெண்டாவது ஞாயிறு அவளோட சிநேகிதியே எந்திரிச்சுப் பழி சொல்லியிருக்கா. கிரீடத்த எறக்கி வெளியில வெச்சு எரிச்சுட்டாங்க. அத்தனையும் பொய். வெறும் பொறாமை.”

முப்பது வருடம் அதே பதிவேட்டைப் புரட்டியவள் ஹில்டா. ஒட்டிய தாள் அவள் கண்ணில் படவில்லை.

டாஃப்னி டீ போடப் பின்னறைக்குப் போனாள். ஹில்டா எட்டாவது கொக்கிக்குக் கீழே நின்றபடி குரலைத் தாழ்த்தினாள்.

“ஃபாதர், சொல்லவே கூசுது. அந்தப் புத்தகத்துல இருக்கறது பூரா என் நோட்டுல இருந்தது. என் மேஜை டிராயர்லருந்து எடுத்திருக்கா.”

“டாஃப்னியா? சேச்சே, அவங்க அப்படிப்பட்டவங்க இல்லையே.”

“நானும் அப்படித்தான் நெனச்சேன்.”

பாதிரியார் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். பிறகு புத்தகங்களை அடுக்கி, கயிற்றைத் திரும்பக் கட்டினார்.

எல்லோரும் போனபின் ஹில்டா விளக்கை அணைத்தாள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. உள்ளே இல்லை.

மேலே காகிதம் சரசரத்தது.

எலி என்று நினைத்தாள். பிறகு வாடை வந்தது. மெழுகுவர்த்தி வாடை இல்லை. எரிந்த காகிதம்.

ஏழு கிரீடங்களும் அசையாமல் இருந்தன.

எட்டாவது மெல்லச் சுழன்றது.

புதுக் காகிதம். வெள்ளை ரோஜாக்கள். ஐந்து கையுறைகளும் விரல் விரித்துத் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஹில்டா ஸ்ட்ரூட்.

“மூணு ஞாயிறு,” என்றது ஒரு சின்னக் குரல், அவள் காதோரம்.

ஓடினாள். ஆனால் வீட்டுக்குள் போய்க் கதவைத் தாழிட்டபின், நடுக்கத்துக்கு அடியில் வேறொன்று தலைகாட்டியது. சந்தோஷம். தன் பெயர், அவ்வளவு உயரத்தில்.

மறுநாள் ஊரே வந்திருந்தது. கிரீடம் யார் கண்ணுக்கும் படவில்லை, அவளைத் தவிர. புத்தக வெளியீடு நிறுத்தப்பட்டது என்று பாதிரியார் அறிவித்ததும் டாஃப்னி எழுந்து வெளியே போனாள். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஹில்டாவுக்குத் தோன்றியது. சொன்னால் கிரீடம் போய்விடும். வாயை மூடிக்கொண்டாள்.

இரண்டாவது ஞாயிறும் அப்படியே போனது.

மூன்றாவது ஞாயிறு, ஆராதனை முடிந்ததும், டாஃப்னி அவளை யூ மரத்தடியில் நிறுத்தினாள்.

“நீங்க சொன்னது பொய்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் யார்கிட்டயும் சொல்லப்போறதில்ல.”

“ஏன்?”

“உங்களுக்கு இந்த ஊர விட்டா வேற என்ன இருக்கு?”

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தபடி ஹில்டா தேவாலயக் கதவைப் பூட்டத் திரும்பி வந்தாள். இனி குறை சொல்ல ஆளே இல்லை.

அவள் காலடியில் ஒரு கையுறை விழுந்தது.

எரிந்த வாடை.

முன்வரிசையில் ஒரு பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். இருபது வயது இருக்கும். மெதுவாக எழுந்தாள்.

“நான் சொல்றேன்,” என்றாள், திரும்பாமலே.

கொக்கி காலியாக இருந்தது.

அதன்பின் ஹில்டா தேவாலயத்துக்குள் வரவில்லை. யாருக்கும் ஊரைச் சுற்றிக் காட்டவும் இல்லை. பிப்ரவரியில் நிமோனியாவில் செத்துப்போனாள். கிரீடம் கட்டும் முறை தெரிந்தவள் டாஃப்னி ஒருத்திதான். அவளே ஹேசல் மரக் குச்சியை வளைத்து, ரோஜா வெட்டி, ஐந்து கையுறைகளிலும் அழகாகப் பெயர் எழுதினாள். முதல் ஞாயிறு யாரும் குறை சொல்லவில்லை.

இரண்டாவது ஞாயிறு காலை பாதிரியாரும் அவளும்தான் கதவைத் திறந்தார்கள்.

எட்டாவது கொக்கியில் ஒன்றும் இல்லை. கீழே கல் தரையில் ஒரு பிடி சாம்பல். அதன்மேல் ஒரே ஒரு கையுறை, சற்றும் கருகாமல். டாஃப்னி வெட்டியதல்ல. பழுப்பேறிய பழைய தாள், மங்கிய மசி. தோமசின் கேல்.

டாஃப்னி குனிந்து அதை எடுத்தாள்.

உள்ளே இன்னும் சூடு இருந்தது, யாரோ இப்போதுதான் கையிலிருந்து கழற்றிப் போட்டதுபோல.