கன்னிப் பெட்டிச் சேலை

அன்று வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்தான்: சுருளியாண்டியாகிய நான், என் மனைவி முத்துப்பேச்சி, மதுரையில் கதை எழுதிப் பெயரெடுத்த என் தம்பி வேலுச்சாமி, அவன் மகள் ராமுத்தாய், தம்பியின் கதைகளை விடாமல் படிக்கும் ராயப்பன்பட்டி பங்கிராஸ் வாத்தியார், படம் பிடிக்க வந்த கர்ணன். தாங்களும் இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் எங்கள் வாசலை மிதித்ததே இல்லை.

1939, மாசி மாதம். தம்பி கதைகளில் வரும் இடங்களை ஒரே பகலில் பார்த்துவிட வேண்டும் என்பது வாத்தியாரின் ஆசை. கர்ணனின் காரில் உத்தமபாளையத்துச் சமணர் பாறையைப் பார்த்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் தேவாரத்தில் நாங்கள் பிறந்த வீட்டுக்கு வந்தார்கள்.

அந்த வீட்டில் சன்னல் இல்லாத உள்ளறை ஒன்று உண்டு. அங்கே என் தங்கை மாயக்காளின் ஓலைப்பெட்டி இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பே பேதியில் போனவள். எங்கள் வீட்டுக் கன்னித் தெய்வம். ஒவ்வொரு தையிலும் நுனியில் மஞ்சள் வைத்துப் புதுச்சேலை படைப்போம். அப்போது எடுக்கும் பழைய சேலையைத்தான் வீட்டுப் பெண் உடுத்தலாம்.

நான் இளநீர் வெட்டச் சொல்லத் தோப்புக்குப் போயிருந்தேன். திரும்பியபோது ராமுத்தாய் முற்றத்தில் அரக்குச்சேலை கட்டிப் படத்துக்கு நின்றாள். தம்பிதான் பெட்டியைத் திறந்து கொடுத்திருக்கிறான்.

முத்துப்பேச்சி குறுக்கே வந்து நின்றாள்.

"கொழுந்தனாரே, இது தையில படைச்ச சேலை. மாயக்கா இன்னும் உடுத்தியிருக்கா."

தம்பி சிரித்தான். "செத்தவளுக்கு என்ன மதினி கூச்சம்?"

உடனே மாற்றிவரும்படி நான் அதட்டினேன். ராமுத்தாய் உள்ளறைக்குப் போனாள்.

தாழ் விழுந்தது.

வெகுநேரம் அவள் வரவில்லை. கூப்பிட்டோம், பதில் இல்லை. கதவிடுக்கில் மஞ்சள் வாடையும் ஈரமண் வாடையும் கசிந்தன. பிறகு கதவின் அடியில் ஏதோ அசைந்தது.

சேலை.

விரல் நுழையாத சந்தில், மடிப்புக் கலையாமல், மெல்ல மெல்ல வெளியே வந்தது.

உள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. அது ராமுத்தாயின் குரல் அல்ல.

"பெரியண்ணே, சேலைய நீங்க எடுத்துக்கிட்டீக. புள்ளைய நான் வச்சுக்கிறேன்."

என்னைப் பெரியண்ணே என்று கூப்பிட்டவள் ஒருத்திதான்.

தம்பி கதவில் தலையை மோதிக்கொண்டு, தன்னை எடுத்துக்கொள்ளும்படி கதறினான். முத்துப்பேச்சி சேலையைக் கண்ணில் ஒற்றித் திரும்ப உள்ளே தள்ளப் பார்த்தாள். நுழையவில்லை. வாத்தியார் செபமாலையை உருட்டினார். எவன் முன்னும் குனியாத நான் அந்த வாசற்படியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன்.

"பிள்ளைய விட்டுரு, ஆத்தா."

உள்ளே யாரோ சின்னதாகச் சிரித்தார்கள்.

கடப்பாரையால் கதவைப் பெயர்த்தோம். பெட்டியின் முன்னால் ஏற்றியிருந்த விளக்கு அசையாமல் எரிந்தது. சுவரில் விரிசல் இல்லை, தரை பெயரவில்லை. ராமுத்தாய் இல்லை.

பெட்டி மூடியிருந்தது. திறந்தேன். அவள் மதுரையிலிருந்து உடுத்திவந்த பாவாடையும் தாவணியும் மடித்து வைக்கப்பட்டிருந்தன. நுனியில் மஞ்சள் வைத்திருந்தது.

கிணறுகளைத் துழாவினோம். மலையடிவாரம் வரை தீப்பந்தத்தோடு தேடினோம். அதன்பின் தம்பி ஒரு வரி எழுதவில்லை. புதுக் கதவு செய்த ஆசாரியிடம் உள்ளே தாழ் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். வெளியே நாதாங்கி மட்டும்தான். இருந்தும் விளக்கு வைக்கிற நேரத்தில் உள்ளே தாழ் விழுகிறது. நேற்றும் விழுந்தது.

ராமுத்தாய் கர்ணனோடு காரேறிப் போய்விட்டதாக ஊரில் பேசுகிறார்கள். அது பொய். கடப்பாரையின் மறுமுனையைப் பிடித்து என் பக்கத்தில் நின்றவரே கர்ணன்தான். எங்கள் குடும்பத்துப் பெண் எவளும் படி தாண்டியதில்லை. இவளும் தாண்டவில்லை. உள்ளேதான் இருக்கிறாள்.