கட்டுரையின் முதல் பெயர்

"ஐயோ... கொலை!"

பகல் ஒரு மணி. அல்மாட்டி நகரத்து இதயநோய் ஆய்வு நிலையம் ஒன்றின் விருந்து அறையிலிருந்து வந்த அலறலைக் கேட்டு, டாக்டர் மெய்ராம் படிகளில் தாவி இறங்கினான்.

கதவைத் தள்ளினான். உறைந்து போனான்!

தேநீர் ஊற்ற வந்த பெண் சுவரோடு ஒட்டி நின்றாள்.

துறைத்தலைவர் கெஞ்செபெக் மேஜையில் கவிழ்ந்து கிடந்தார். மரியாதைக்காக அவர் முன் வைத்திருந்த அவித்த ஆட்டுத்தலைக்குப் பக்கத்தில் அவர் தலை. பிடரியில் இறைச்சிக் கத்தி பிடி வரை இறங்கியிருந்தது. ரத்தம் மேஜைவிரிப்பை நனைத்துத் தரையில் சொட்டியது.

அவருடைய நூறாவது கட்டுரைக்குத்தான் இந்த விருந்து.

நூறில் ஒன்றைக்கூட அவர் எழுதியதில்லை! அங்கே வழக்கம் அப்படி. யார் ராப்பகலாக உழைத்தாலும் முதல் பெயர் தலைவருக்கு. எழுதியவன் பெயர் நாலாவதோ ஐந்தாவதோ... தலைவர் மனசு வைத்தால்.

அறுபத்திரண்டு கட்டுரைகளை எழுதியவன் மெய்ராம்.

இருபதாவது நிமிடம் போலீஸ் கேப்டன் ஷோல்பான் வந்தாள். சிரிக்காமலே கிண்டல் செய்கிற ரகம். முதலில் சமையல்காரனைக் கூப்பிட்டாள். தொலெகென். ஆறடி உயரம், இடுப்பில் ஏப்ரன்.

"கத்தி உங்களுதா?"

"ஆமாம்மா. சமையலறையில வச்சிருந்தேன். யார் எடுத்தாங்கன்னு தெரியல."

"அங்கேயே நில்லுங்க."

மெய்ராம் பக்கம் திரும்பினாள்.

"போன வாரம் அமைச்சகத்துக்குப் புகார் அனுப்புனது நீங்கதானே டாக்டர்? 'என் கட்டுரையைத் திருடிட்டார், சும்மா விடமாட்டேன்'னு?"

"அ... அனுப்பினேன் மேடம். அதுக்காகக் கொல்லுவேனா?"

"எந்தக் கட்டுரை?"

"குழந்தைங்க இதயத்துக்கான புது மருந்து பத்தினது. முந்நூத்திப் பன்னிரண்டு டாக்டருங்க அதை மேற்கோள் காட்டியிருக்காங்க! அதை வச்சுத்தான் இவர் ஊர் ஊரா மாலை வாங்கினார். எழுதினது நான் மேடம்! ஒவ்வொரு வரியும் நான்! மருந்து எவ்வளவு கொடுக்கறதுன்னு முடிவு பண்ணினதுகூட நான்தான்!"

மெய்ராமின் கண்கள் கலங்கின. பத்து வருட ஏக்கம். அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று... அந்தக் கட்டுரையில் முதல் பெயர்!

"நீயா?"

தொலெகென்தான் கேட்டான். குரல் அடித்தொண்டையிலிருந்து வந்தது.

"விருந்து மேஜையில வச்சிருந்த அந்தக் கட்டுரையைப் படிச்சேன். மூணாம் பக்கம். அடியில பொடி எழுத்து. 'பதினேழாம் நோயாளி, மருந்து இரட்டிப்பாக்கியதும் மரணம், கணக்கில் சேர்க்கவில்லை.' அவ சீட்டுல இருந்த நம்பர்! பதினேழு என் பொண்ணுடா! அஞ்சு வயசு! நோய் முத்திடுச்சுன்னு சொல்லித்தானே பொணத்தைக் கையில குடுத்தீங்க?"

"இ... இவர்தான் மேடம் கொலைகாரன்!"

"கெஞ்சினான் கெழவன். 'நான் எழுதல, படிக்கக்கூட இல்ல'ன்னான். உயிருக்குப் பயந்து புளுகறான்னு நெனச்சேன்... முதல் பேரு அவனுதாச்சே!"

ஏப்ரனுக்குள்ளிருந்து இன்னொரு கத்தி வெளியே வந்தது!

பாய்ந்தான். மெய்ராம் தடுத்த உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு கத்தி தோளில் இறங்கியது. மெய்ராம் நாற்காலியோடு மல்லாந்து விழுந்தான். மறுபடி கத்தி உயர்ந்தது...

"நான் இல்ல! முதல் பேரைப் பாருங்க! அவர் கட்டுரை! எனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல!"

பத்து வருடம் ஏங்கிய பெயரை ஒரே மூச்சில் உதறினான்.

ஷோல்பானின் துப்பாக்கி வெடித்தது. டுமீல்!

தொலெகெனின் முழங்கால் சிதறியது. மேஜையைப் பிடித்து, விரிப்போடு சரிந்தான். ஆட்டுத்தலை உருண்டது. வலிக்கு அழாதவன், மகள் பெயரைச் சொல்லி அழுதான்.

ஷோல்பான் அவனுக்கு விலங்கு மாட்டினாள். இன்னொரு விலங்கை எடுத்து, மெய்ராமின் நல்ல கையில் மாட்டினாள்.

"எ... எனக்கு எதுக்கு?"

"ஒரு குழந்தையோட சாவை மறைச்சதுக்கு. மருந்து அளவு உங்க முடிவுன்னு இப்பதானே பெருமையாச் சொன்னீங்க?"

"மேடம்! முந்நூத்திப் பன்னிரண்டு டாக்டருங்க மேற்கோள் காட்டின கட்டுரை! ஒருத்தர்கூட அதைத் தப்புன்னு சொல்லலையே!"

கேப்டன் ஷோல்பான், தரையில் விசும்பிக்கொண்டிருந்த சமையல்காரனைப் பார்த்தாள்.

"படிச்சாத்தானே சொல்லுவாங்க டாக்டர்? படிச்சது இவர் ஒருத்தர்தான்!"