மே சி ஆ?

றைஸ் குக்கருக்குள் சட்டி இருக்கிறதா என்று பாராமலே அரிசியையும் தண்ணீரையும் கொட்டி ஆளியைப் போட்டவன் நான்தான். படீரென்று ஒரு சத்தம். சமையலறை இருண்டது. 2006 மாசி மாதம். மொன்றியலில் வெளியே பனி, எங்கள் வீட்டுக்குள் அரிசி.

எங்கள் வீட்டில் பழிக்கு நிரந்தர விலாசம் உண்டு. "என்ன வந்தது உமக்கு? சட்டியைக் கழுவி உள்ள வைக்கிறதுக்கென்ன?" என்று மனைவி அருளம்மாவைப் பார்த்துக் கத்தினேன். சட்டி கழுவாமல் சிங்கில் கிடந்தது.

"சீனக் கடையில மீன் வெட்டுற மகாராணிக்கு வீட்டுச் சட்டி கண்ணில படுமே!" என்றாள் என் அக்கா பாரிஜாதம். அந்த மகாராணி கொண்டுவரும் மீனைத்தான் பன்னிரண்டு வருடமாகத் தின்கிறாள். வேலை போன நானும் இரண்டு வருடமாக அதைத்தான்... ஆனாலும் சிரித்தேன்.

அருளம்மா இடது கையால் அரிசியைக் கூட்டினாள்.

வாசல் மணி அடித்தது. புரோசார்டில் இருக்கும் அந்தச் சீனக் கடைக்கு அவளைத் தினமும் காரில் ஏற்றிப்போகும் ஆ-லான், ஹொங்கொங்காரி. அருளம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"மே சி ஆ?" என்றாள் மெதுவாக.

அவ்வளவுதான்! அருளம்மா அவள் தோளில் விழுந்து அழுகையும் கடையில் பழகிய கன்ரனீஸ் சீனமுமாகக் கொட்டினாள். என் மனைவியிடம் இவ்வளவு பேச்சு இருந்ததென்றே எனக்குத் தெரியாது.

"பார் தம்பி, எங்களைத்தான் திட்டுறாள்!" என்றாள் அக்கா.

ஆ-லான் கேட்ட 'மே சி ஆ' என்றால் 'என்ன நடந்தது?' என்பதுதான். முன்பொருநாள் அருளம்மாவே சொன்னாள். தமிழிலும் அந்தக் கேள்வி உண்டு. நான்தான் அதை அதட்டலுக்கே பாவித்துத் தேய்த்துவிட்டேன். கையில் அகப்பையோடு, பெரிய வீரன் மாதிரிக் கிட்டப் போனேன்.

"அருளம்மா... மே சி ஆ?"

என் உச்சரிப்புக்கு ஆ-லான் வாயைப் பொத்தினாள். அருளம்மா சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"வலது கை விறைச்சுப் போச்சப்பா. மூண்டு மாசமாச் சட்டி தூக்க ஏலாது. கடையில என்ர மீனையும் ஆ-லான்தான் வெட்டுறா. இண்டைக்கு டொக்டரிட்டப் போறன். நீங்கள் வரவேண்டாம், அவ கூட்டிக்கொண்டு போவா. நீங்களும் மச்சாளும் அரிசியைக் கூட்டி, அந்தச் சட்டியைக் கழுவி வையுங்கோ. பின்னேரம் வருவன்... இப்ப கேட்ட மாதிரி அப்பவும் கேளுங்கோ. சொல்லுறன்."