ஒளித்துளிகளை எண்ணும் அறை

ஒளியிழையைக் கழற்றிய பிறகும், முகப்பு வெறும் இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தபோதும், கருவி டிக், டிக் என்று எண்ணிக்கொண்டிருந்தது. வழக்கத்தைவிடச் சற்றே அதிகமாக.

திண்டுக்கல் பைபாஸை ஒட்டிய அந்தக் கல்லூரியில், யாரும் ஒட்டுக்கேட்க முடியாதபடி செய்திகளை ஒளித்துளிகளாக அனுப்பிப் பார்ப்பதற்காகப் பாத்திமாவும் அவள் கணவர் பிராங்கிளினும் சேர்ந்து அமைத்த ஆய்வறை அது. ஒரே ஒரு ஒளித்துளி பட்டாலும் போதும், கருவிக்குள் இருக்கும் கடுகளவுச் சில்லில் மின்சாரம் சரசரவெனப் பெருகி ஸ்பீக்கரில் ஒரு டிக் கேட்கும். பங்குனியில் கொடைரோடு அருகே லாரி மோதிப் பிராங்கிளின் இறந்துபோனார். இன்று கருவியைப் பெட்டியில் கட்டி வேறு கல்லூரிக்கு அனுப்பப் போகிறார்கள்.

“சூட்டுக்குச் சும்மாவே அடிக்கும் மேடம்,” என்றார் லேப் உதவியாளர் ஆனந்த்ராஜ். “செத்த நேரம் ஆறட்டும், கட்டிரலாம்.”

“நீங்க டீ குடிச்சிட்டு வாங்கண்ணே. நான் இருக்கேன்.”

அவர் கதவைச் சாத்திவிட்டுப் போனார். வெளியே வெயில் கொளுத்தும் மதியம். உள்ளே, சன்னல்களை மூடிய கறுப்புத் துணிக்குள், தன் கையே தனக்குத் தெரியாத இருட்டு. தூரத்து லாரிகளின் இரைச்சலும் சூடேறிய தூசியின் வாசனையும் மட்டும் இருந்தன. பாத்திமா கருவியைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது. அப்படியானால் சூட்டினால் அல்ல. துழாவிக்கொண்டே போய், வெளிச்சம் கசியாதபடி கதவிடுக்கில் ஒரு துணியைத் திணித்தாள்.

டிக் இன்னும் கூடியது.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. தேங்காயெண்ணெயும் சால்டரிங் புகையும் கலந்தது. அது போய்விடக் கூடாது என்று துவைக்காமலே வைத்திருந்த பிராங்கிளினின் சட்டையில்கூட மாதக்கணக்கில் அவளுக்குக் கிடைக்காத வாசனை.

“என்னங்க?”

டிக் டிக் டிக்.

கேட்க எவ்வளவோ இருந்தும் வாயில் வந்தது ஒன்றுதான்.

“சாப்டீங்களா?”

மழை இறங்கியது போல ஒலி பெருகியது. இடைவெளியே இல்லை. ஒரே கீச்சல். பிறகு, சட்டென்று, ஒன்றுமில்லை.

“போயிராதீங்க,” என்று அழுதாள். “இன்னும் கொஞ்ச நேரம்.”

அழுகையினூடே மெல்ல உறைத்தது. ஒளியே இல்லாவிட்டாலும் இந்தக் கருவி அவ்வப்போது அடிக்கும். முற்றிலும் ஓயாது. தாங்க முடியாத ஒளி மிக நெருங்கி வந்தால் மட்டும் குருடாகி அடங்கிவிடும்.

அவள் கண்ணுக்கு எந்த ஒளியும் தெரியவில்லை.

கையை நீட்டினாள். மேசை. உலோகம். திருகாணி. முகப்பின் விளிம்பு.

நடுவில் ஒளி புகும் சிறு துளையைக் காணோம். அங்கே ஈரம். மயிர்.

இமை மயிர்.

துளையோடு ஒட்டி ஒரு கண். சூடே இல்லை. அதிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. அவள் விரலுக்கடியில் அது மெல்ல இமைத்தது.