ஆடுகிற சைலன்சர்

எதையும் எளிதில் நம்பாத அந்தச் சிறுமிக்கு வீட்டில் வைத்த பெயர் துப்பு. வயது ஒன்பது. பால் பாக்கெட்டில் போட்டிருக்கும் தேதியை இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் பாலையே குடிப்பாள்.

சனிக்கிழமை மாலை, தெருமுனை மெக்கானிக் மாமா அப்பாவின் காரைச் சரிசெய்து கொண்டுவந்து நிறுத்தினார். சத்தமில்லாமல் வந்து நின்றது கார். பின்பக்கம் அடியில் தொங்கும் புகைக்குழாயான சைலன்சருக்குப் புதிதாக நாலு ரப்பர் போட்டு மாட்டியிருப்பதாகச் சொன்னார்.

துப்புவுக்குச் சுருக்கென்றது. அவளுக்குத் தெரிந்த ரப்பர் இரண்டுதான். ஒன்று அழிக்கும், இன்னொன்று அறுந்துபோகும். அவ்வளவு கனமான இரும்பை ரப்பரா தாங்கும்? மாமா யார் காதில் பூ சுற்றுகிறார்?

மறுநாள் காலை சைலன்சரைத் தொட்டுப் பார்த்தாள். ஆடியது. சந்தேகமே இல்லை, ஏமாற்று வேலைதான். துணிக்கொடி கட்டியதில் மிச்சமிருந்த கம்பியை எடுத்துவந்து, சைலன்சர் இம்மிகூட அசையாதபடி முறுக்கிக் கட்டினாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. துப்பறிகிறவர்கள் அப்படித்தான் என்பது அவள் எண்ணம்.

திங்கட்கிழமை கார் கிளம்பியதும் டொக் டொக் என்று இடித்தது. அப்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பழைய ரப்பரையே மாட்டிட்டு என்னை ஏமாத்திட்டாரு."

அதை மனதோடு வைத்துக்கொண்டாரா என்றால் அதுவும் இல்லை. தையல்கடைக்காரரிடம் போய்ச் சொன்னார். அவரும் தன் வண்டியை மாமாவிடம் விடாமல் வேறு ஷெட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.

துப்புவுக்கு முதலில் பெருமையாக இருந்தது. பிறகு ஏதோ உதைத்தது. சனிக்கிழமை கார் வந்தபோது சத்தம் இல்லை. கம்பி கட்டிய பிறகுதான் சத்தம். எல்லோரையும் சந்தேகப்பட்டவள் ஒருத்தியை மட்டும் விட்டுவைத்திருந்தாள். 

புதன்கிழமை காலை கம்பியைக் கழற்றிவிட்டு, அப்பாவை வண்டியைக் கிளப்பச் சொன்னாள். சைலன்சர் ரப்பர்களில் தொங்கியபடி மெல்ல ஆடியது. துளிச் சத்தம் இல்லை. அதிர்வை எல்லாம் ரப்பர் வாங்கிக்கொண்டது. கட்டிப்போட்டபோது அந்த அதிர்வு முழுவதும் காரில் போய் இடித்திருக்கிறது.

"அப்பா, கம்பி கட்டினது நான்தான். மாமா சரியாத்தான் மாட்டியிருக்காரு."

அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. மகளைத் திட்ட வாயைத் திறந்தவர், தான் தையல்கடையில் பேசியது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டார். அப்புறமாக மாமாவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று இழுத்தார்.

"அப்புறம்னா எப்போப்பா?"

அதற்கு மேல் அப்பாவால் இழுக்க முடியவில்லை. இருவரும் நடந்தே போனார்கள். ஷெட்டில் ஒரு வண்டியும் இல்லை. மாமா சும்மா உட்கார்ந்து ஸ்பானர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். துப்பு கம்பியை நீட்டி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். 

மாமா ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"தையல்கடைக்காரர் ஏன் முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போறாருன்னு ரெண்டு நாளா மண்டையைக் குடைஞ்சுக்கிட்டு இருந்தேன்."

அப்பா தலைகுனிந்தார்.

"நான் பேசினதுதான் காரணம். மன்னிச்சுடுங்க. இப்பவே போய் உண்மையைச் சொல்லிட்டு வர்றேன்."

சொன்னபடியே விறுவிறுவென்று நடந்தார். அவர் நேராகத் தையல்கடைக்குத்தான் போகிறாரா என்று பார்க்க, துப்பு பின்னாலேயே போனாள்.